காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு வண்டி

தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன், கையிலிருந்த சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக் காசியாத்திரைக்கோ பேரப்பிள்ளைகளின் படிப்புக்கோ செலவிடாமல், ஏறக்குறைய ஐம்பது வயதான, ஓடாத, கதவுகூடச் சரியாக மூடாத ஒரு லேண்ட்ரோவரைக் கேமரன் மலையிலிருந்து லோரியில் ஏற்றிப் பூச்சோங்குக்குக் கொண்டுவந்து இறக்கினான் என்றால், உற்றாரும் அண்டைவீட்டாரும் அவனைப்பற்றி என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. என் மனைவி மட்டும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல மார்க்கெட்டுக்குப் போக முடியுமாங்க?" என்று கேட்டாள். பரிகாசமாகத்தான் கேட்டாள், ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியின் புனருத்தாரணத்தில் எழுந்த ஒவ்வொரு பிரச்சினைக்கும் அந்தக் கேள்வியையே நான் உரைகல்லாக வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உலுலங்காட்டுக் காட்டுப்பாதையில் செம்மண் சேற்றைக் கடக்கவும் வேண்டும், திங்கட்கிழமை காலையில் மீன் வாங்கப் போகவும் வேண்டும் என்பதே என் சங்கற்பமாயிற்று.

லேண்ட்ரோவர் என்பது எங்கள் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெறும் வாகனம் அன்று. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினீயராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர், ஆங்கிள்சி தீவிலிருந்த தம்முடைய பண்ணையில் யுத்தகாலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிப் பழகி, அது போன்ற ஒரு வண்டியைத் தம் நாட்டுக் குடியானவர்களுக்காகச் செய்யவேண்டுமென்று எண்ணியதன் விளைவாகப் பிறந்த அந்த வண்டி, 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தின் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை எதிர்த்து அவசரகாலம் பிரகடனமாயிற்று. சேறும் மேடும் நிறைந்த தோட்டப் பாதைகளில் ஒரு கண்ணைக் காட்டின்மேல் வைத்துக்கொண்டே பிரயாணம் செய்யவேண்டியிருந்த துரைமார்களுக்கும் போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஏற்ற வண்டி, தேவை வந்த வருஷத்திலேயே சந்தைக்கும் வந்துவிட்டது. துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சி வண்டியைச் சுற்றி இரும்புத் தகடுகள் அடித்துக்கொண்ட தோட்டங்களும் உண்டு. அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் ஸ்பிரிங் பட்டைகள் முறிந்த கதைகளை என் தகப்பனார் சொல்லுவார்.

அவர் பூச்சோங்கைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில் துரையின் டிரைவராக இருந்தார். இன்று பூச்சோங் என்றால் அடுக்குமாடி வீடுகளும், 1999-இல் திறந்த டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையும், 2016-இல் வந்துசேர்ந்த எல்.ஆர்.டி. ரயிலும் நினைவுக்கு வருகின்றன. நான் பிள்ளையாய் இருந்த காலத்தில் பதினாலாவது மைல் கடைத்தெருவை விட்டால் ஒரு பக்கம் பால்மரமும் மறுபக்கம் ஈயலம்பத்துக் குட்டைகளுமே கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். பெரட்டுக் களத்தில் விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, மேட்டின்மேல் பங்களாவிலிருந்து அந்த வண்டி இறங்கிவரும் சப்தம் கேட்கும். இரண்டாம் கியருக்கு மாற்றுவதற்கு முன் கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டு, எஞ்சினைச் சற்றே உறுமவைத்து, மறுபடியும் மிதித்துக் கியரைப் போடுவார் என் தகப்பனார். அந்த மாடல்களில் முதலிரண்டு கியர்களுக்கு ஒத்தியங்கும் சாதனம் கிடையாதாகையால், கைப்பழக்கம் இல்லாதவன் ஓட்டினால் பல்லோடு பல் உரசி வீறிடும். அவர் ஓட்டி அப்படி ஒரு சப்தம் எழுந்ததை நான் கேட்டதில்லை. வண்டி வரும்போது தோட்டத்து ஜனங்கள் பாதையோரக் காணில் இறங்கி நிற்பார்கள். டிரைவர் மகன் என்ற சலுகையில் ஒருநாளாவது அதன் பின்புறம் ஏறிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. "அது தொரை வண்டிப்பா, கிராணியே கேட்டுட்டுதான் ஏறுவாரு" என்று அவர் சொல்லிவிட்டார். அதில் வருத்தமோ கோபமோ இல்லை. தோட்டத்தின் நியதியை எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

கேமரன் மலைக்கு ஏன் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். மற்ற ஊர்களில் பொருட்காட்சிச் சாமான் ஆகிவிட்ட பழைய லேண்ட்ரோவர் அங்கே இன்னும் கூலிக்கு உழைக்கிறது. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜா வரையில், மலைச்சரிவுகளில் விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் பெரிய சாலைக்கு இறங்குவது பெரும்பாலும் அறுபது எழுபதுகளில் பிறந்த இந்த வண்டிகளின் முதுகில்தான். கதவில்லாமல், கண்ணாடியில்லாமல், கூடைகளைக் கோபுரம்போல் அடுக்கிக்கொண்டு அவை வளைவுகளில் இறங்கிவருவதைப் பார்ப்பவனுக்கு, ஒரு யந்திரத்துக்கு ஆயுள் என்பது மனிதன் அதற்குக் கொடுக்கும் வேலையைப் பொறுத்ததுதானோ என்று தோன்றும். அவற்றுள் பல, பதிவுப் புத்தகம் எப்போதோ தொலைந்துபோய் மலையைவிட்டு இறங்க முடியாதவை. அப்படிப்பட்டவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ரிங்லெட்டுக்கு அருகே காய்கறித் தோட்டம் வைத்திருந்த நம்மவர் ஒருவரிடம், 1966-ஆம் ஆண்டில் பதிவான, 88 அங்குலச் சக்கர இடைவெளியுள்ள, பின்புறம் திறந்த ஒரு வண்டியைக் கண்டேன். முன்விளக்குகள் இரண்டும் பிற்காலத்து மாடல்களைப்போல் பக்கங்களில் இல்லாமல் நடுவில் கம்பிவலைக்கு இருபுறமும் நெருங்கி அமைந்திருந்தன. "எஞ்சின் செத்துருச்சு, அண்ணே. ஆனா புக்கு இருக்கு, வரி கட்டுன ரசீதெல்லாம் இருக்கு" என்றார் அவர். நான் வாங்கியது உண்மையில் அந்தப் புத்தகத்தைத்தான். வண்டி அதனோடு சேர்ந்து வந்தது.

பூச்சோங்கில் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒருவர், என்னைவிட வயதில் இளையவர், கனரக லோரிகளைப் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர், இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பெருந்தொகை எதிர்பார்த்து அல்ல. அவருடைய பாட்டனாரும் தோட்டத்தில் வண்டியோட்டியவராம். முதல் தினம் அவர் செய்தது ஒரே காரியம். கையில் சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேசிஸின் முன்தலையிலிருந்து பின்தலைவரைக்கும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பில் பட்ட இடம் கணீரென்றது. துரு உள்ளே தின்றிருந்த இடம் மண்சட்டிபோல் மொத்தென்றது. அப்படி மொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். பின்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தில் வட்டத்தோடு வட்டம் முட்டி ஒரே வெள்ளையாகிவிட்டது.

இந்த வண்டியின் உடம்பு துருப்பிடிக்காது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் எஃகுக்குப் பங்கீடு இருந்தமையால், அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பிர்மாபிரைட் என்ற உலோகத் தகட்டால் மேலுடம்பைச் செய்தார்கள். ஆனால் சேசிஸும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள சுவரும், கதவுகளின் உட்சட்டமும் எஃகுதான். அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரம் புகுந்தால், அந்த மூன்றும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மலைநாட்டில் பொழுதெல்லாம் நின்ற வண்டிக்கு இது எவ்வளவு நேர்ந்திருக்கும் என்பதைக் கதவுகளின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தவுடனேயே அறிந்துகொண்டோம். இங்கிலாந்தில் நாகமுலாம் பூசிய புதிய சேசிஸ்களைச் செய்து விற்கிறார்கள். அதற்கான விலையையும் கப்பல் கூலியையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய சேசிஸையே பிழைக்கவைப்பது என்று தீர்மானித்தோம். அழுகிய பாகத்தை வெட்டியெறிந்து, அதே கனமுள்ள தகட்டை மடித்து வெல்டிங் செய்து, உட்புறமெங்கும் மெழுகெண்ணெய் பீய்ச்சினார். திருப்பிச் சேர்க்கும்போது இரண்டு உலோகங்களும் சந்திக்கும் இடந்தோறும் ரப்பர்ப் பட்டை வைத்தோம். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவாவது தோன்றாதா?

நட்டு போல்ட்டுகளைப்பற்றி மட்டும் ஒரு தனி அத்தியாயம் எழுதலாம். பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் திருகிழையும், யு.என்.எஃப். என்ற அமெரிக்க வழித் திருகிழையும் அந்த ஒரே வண்டியில் கூடிக்குடித்தனம் செய்கின்றன. பட்டறையிலிருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர்களோ இரண்டுக்கும் பொருந்தவில்லை. தகப்பனாரின் மரப்பெட்டியில் கிடந்த ஸ்பேனர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் காலமானபிறகு வீடு மாறும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு அன்று ஒரு பிரயோஜனம் ஏற்பட்டது.

எஞ்சின் விஷயத்தில்தான் பெரிய தர்க்கம். பட்டறைக்கு வந்துபோகும் இளைஞர்கள் எல்லாரும் ஒரே குரலில் ஜப்பான் டீசல் எஞ்சினையே சிபாரிசு செய்தார்கள். கிள்ளான் காப்பார் சாலையில் பாதியாய் வெட்டி இறக்குமதியாகும் வண்டிகளிலிருந்து நல்ல எஞ்சின் மலிவாய்க் கிடைக்கும், இரண்டு மடங்கு சக்தி வரும் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் இந்த வண்டியில் பின் ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டு பத்தே பற்களுள்ள மெல்லிய கம்பி. அதன் பலவீனம் உலகப் பிரசித்தம். 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 70 குதிரைத்திறனுமுள்ள பழைய பெட்ரோல் எஞ்சின் தள்ளும் வரைக்கும் அது தாங்கும். இரட்டிப்புச் சக்தியையும் ஆளுயர டயர்களையும் பூட்டினால் முதல் மேட்டிலேயே முறிந்துபோகும். பிறகு ஆக்ஸிலை மாற்றவேண்டும், அதற்கேற்பக் கியர்ப்பெட்டியை மாற்றவேண்டும், அதற்கேற்பப் பிரேக்கை மாற்றவேண்டும். கடைசியில் லேண்ட்ரோவரில் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான். தவிரவும் எஞ்சினை மாற்றினால் புஸ்பகோம் நிலையத்தின் வாகனப் பரிசோதனையும் ஜே.பி.ஜே. என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டியிருந்தன. பட்டறைக்காரர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, காட்டுக்குப் போற வண்டி வேற, மார்க்கெட்டுக்குப் போற வண்டி வேற. ரெண்டும் ஒண்ணுலயே வேணும்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும் லா." பழைய எஞ்சினையே துளை பெருக்கி, கிராங்கைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் வால்வுகளும் போட்டுப் புதுப்பித்தோம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று என்பது என் துணிபு: பிரேக். 88 அங்குல வண்டிக்குத் தொழிற்சாலையில் கொடுத்தது நான்கு சக்கரத்துக்கும் 10 அங்குல டிரம். அதற்கு உதவியாக எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் பூஸ்டரும் கிடையாது. தோட்டத்துப் பாதையில் அது போதும். முன்னால் போகிற மோட்டார்சைக்கிள் எந்த வினாடியில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிரம்மதேவனுக்கும் தெரியாத பூச்சோங் சாலையில் அது போதாது. நீளமான 109 அங்குல வண்டிக்குரிய 11 அங்குல டிரம்களை முன்புறம் பூட்டி, பூஸ்டரும் சேர்த்தோம். டயர்களைப் பொறுத்தவரை 7.50-16 என்ற அளவைத் தாண்டவில்லை. சேற்றைக் கவ்வும் முரட்டுப் பற்களும் அல்லாமல், மழைநாளில் தாரில் வழுக்கும் வழவழப்பும் அல்லாமல், நடுத்தரமானவையாகத் தேர்ந்தோம். முன்சக்கரங்களின் உட்புறத்திலுள்ள குரோமியம் பூசிய உருண்டைகள் துருவினால் அம்மைத் தழும்புபோல் ஆகியிருந்தன; அவற்றை மாற்றாவிட்டால் எண்ணெய்ச் சீலை எத்தனை புதிதாய்ப் போட்டாலும் கிழிந்து வழியும். பட்டைகளை அடுக்கிய பழைய ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக, ஒன்றையொன்று உரசாமல் நடுவில் தடித்து முனையில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைகளே கொண்ட பாரபாலிக் ஸ்பிரிங்குகளைப் போட்டோம். இதனால் காட்டில் சக்கரம் தரையைவிட்டு எழும்புவதும் குறைந்தது, மீன் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது என் மனைவியின் இடுப்பும் பிழைத்தது. முன்னிருக்கைகளுக்குப் பாதுகாப்புப் பட்டிகளும், மேலே கித்தான் கூடாரமும், பெட்டிக்குள் கையால் இழுக்கும் டிர்ஃபோர் வின்ச் ஒன்றும் வைத்ததோடு அலங்காரம் முடிந்தது.

நெடுஞ்சாலையில் அதன் நடை மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குள்தான். அதற்குமேல் போனால் எஞ்சின் மன்றாடத் தொடங்கும். இடக்கோடியில் லோரிகளோடு லோரியாகப் போய், சுங்கச் சாவடி வந்ததும், மேலும் கீழும் ஏறியிறங்காமல் முன்னும் பின்னும் நகரும் அந்தச் சன்னல் கண்ணாடியைத் தள்ளி, ஒரு சாண் இடைவெளியில் கையை நீட்டி அட்டையைத் தட்டுவதற்குள் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துவிடுவார். மற்றக் கார்கள் ஓடும் வேகத்தில் போகவேண்டுமென்ற ஆசையை விட்டவனுக்கே இந்த வண்டி லாயக்கு.

காட்டில் அதன் குணம் வேறு. கியர்க்கம்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளைக் கீழே அழுத்தினால் முன்சக்கரங்களும் வேலைக்கு வரும்; சிவப்பைப் பின்னால் இழுத்தால் நான்கு சக்கரமும் தாழ்ந்த கியருக்கு மாறி, மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி எந்த மேட்டையும் பிடித்து ஏறும். கால் ஆக்சிலரேட்டரைத் தொடவேண்டியதுகூட இல்லை. உலுலங்காட்டில் அனுமதி பெற்று நாங்கள் போன பாதையில், மழையில் அரித்துப் பிளந்த ஒரு செம்மண் மேட்டில், புதிய வண்டிகள் சக்கரத்தைச் சுழற்றிச் சேற்றை வாரியிறைத்துக்கொண்டிருக்க, இது முணுமுணுத்துக்கொண்டே ஏறி நின்றது. ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் அந்த மஞ்சள் குமிழை விடுவிக்க மறக்கக்கூடாது. முன்பின் ஆக்ஸில்களுக்கு நடுவே வேற்றுமையைச் சமன்செய்யும் பற்சக்கரக் கூட்டம் இதில் இல்லை. சேற்றில் சக்கரம் சறுக்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும், தாரில் சறுக்க இடமில்லாமல் யந்திரம் தன்னையே முறுக்கிக்கொள்ளும். காட்டுப்பாதைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் அறியவேண்டும்: நிரந்தர வனக்காப்பிடங்களுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதால் ஆற்றுக்குள் இறங்கிக் கலக்கிவிட்டு வருவது வீரம் என்று நினைக்கும் கூட்டத்தோடு எனக்குச் சிநேகம் இல்லை.

இந்த வண்டி இரண்டு தொழிலையும் ஒரே இடத்தில் செய்யவேண்டிய நாளும் வந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் கிள்ளான் ஆறு பெருகி, பூச்சோங்குக்கு அருகிலுள்ள ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முழுவதும் வெள்ளத்தில் ஆழ்ந்தது. வீட்டுக் கூரைகளின் மேல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். படகு வைத்திருந்தவர்கள் படகோடும், நாலுசக்கர இழுவை வண்டி வைத்திருந்தவர்கள் வண்டியோடும் யாரும் அழைக்காமலே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கோயில் மண்டபத்தில் சமைத்த சோற்றுப் பொட்டலங்களைக் கித்தானுக்கடியில் ஏற்றிக்கொண்டு நானும் பட்டறைக்காரரும் போனோம். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் அவர் இறங்கி, கருவிப்பெட்டியிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள ஒரு திருகாணியை எடுத்து, வண்டிக்கடியில் கையை விட்டுக் கிளட்சுக் கூட்டின் அடித்துளையை அடைத்தார். எண்ணெய் கசிந்தால் வெளியேறுவதற்காக எப்போதும் திறந்திருக்கும் அந்தத் துளையை, நீரில் இறங்கும்போது மட்டும் அடைப்பதற்கென்று தொழிற்சாலையிலேயே வகுத்த ஆணி அது. பிறகு காற்றாடியின் பெல்ட்டைக் கழற்றினார். சுழலும் காற்றாடி தண்ணீரை வாரி மின்பொறி விநியோகிக்கும் பெட்டியின்மேல் அடித்தால் எஞ்சின் நின்றுவிடும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில், சிவப்புக் குமிழைப் பின்னுக்கிழுத்து, அலை எழாத வேகத்தில் சென்றோம். அதற்கப்பால் படகுகள் எங்களிடமிருந்து பொட்டலங்களை வாங்கிக்கொண்டன; திரும்பும்போது ஒரு கிழவியையும் அவளுடைய பேரக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஆளுயர வண்டிகளில் வந்த பிள்ளைகள் எங்களைவிட ஆழத்துக்குப் போனார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

1955-இல் லண்டனிலிருந்து புறப்பட்ட ஆறு மாணவர்கள், இதே இனத்து வண்டிகள் இரண்டில் பர்மாவைக் கடந்து மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்ததைப் படித்துவிட்டு, இப்படி ஒன்றைக் கட்டவேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிற இளைஞர்கள் இப்போது அதிகம். பலருடைய பாட்டன்மார் அந்த வண்டிக்கு வழிவிட்டுக் காணில் இறங்கி நின்றவர்கள். ஆகையால் அவர்களுடைய ஆசையை நான் பரிகசிப்பதில்லை. அவர்களுக்குச் சொல்வதை இங்கும் சொல்லிவிடுகிறேன். பெயின்டையும் எஞ்சினையும் பார்த்து மயங்காதீர்கள். அவை இரண்டையும் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். சிறு சுத்தியல் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், சேசிஸைத் தட்டிப் பாருங்கள், அதில் அடித்திருக்கும் எண் பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். புத்தகம் இல்லாத வண்டியை, உரிமையாளர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், வாங்காதீர்கள்.